ஒரே வீடு, ஆறு கடிகாரம்! - சேலம், நாமக்கல்லில் நம் நேரம் யார் கையில்?

அதிகாலை 4 மணிக்கு எங்கள் வீட்டில் போன் அடித்தால் யாரும் பதறுவதில்லை. அப்பாவாகத்தான் இருக்கும்.

"சாமி, தூங்குறியா? நாக்பூர் தாண்டிட்டேன். அம்மாகிட்ட சொல்லிடு. இனி கொஞ்ச தூரத்துக்கு சிக்னல் கிடைக்காது."

அப்பா லாரி டிரைவர். அவர் பேசும் அந்த நேரத்தில் அம்மா எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருப்பார். பள்ளிபாளையத்தில் சித்தி, ராத்திரி ஷிஃப்ட் முடிய இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறதே என்று தறிக்கும் தறிக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார். சேலத்தில் பெரியம்மா மகள், அமெரிக்க ஷிஃப்ட் முடிந்து ஆபீஸ் வேனில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பாள். நாமக்கல் பக்கம் ஒரு விடுதியில், என் தம்பியை எழுப்பும் மணி இன்னும் அரை மணி நேரத்தில் அடிக்கும். நான் போனைக் கையில் எடுத்த பாவத்துக்கு, ராத்திரி எந்தச் செய்தி டிரெண்ட் ஆனது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவேன். டிஜிட்டல் டெஸ்க் வேலை அப்படி.

சுவரில் எல்லோருக்கும் ஒரே 4 மணிதான். ஆனால், ஒருவருக்கு அது நாளின் தொடக்கம், இன்னொருவருக்கு முடிவு. அப்பாவுக்கோ இரண்டும் இல்லை, கிலோமீட்டர் கல் மட்டும்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி நான்கைந்து கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கலாம். அதில் எதை நாமாக ஓட்டுகிறோம், எதை வேறு யாரோ ஓட்டுகிறார்கள்? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியது ஒரு மாத்திரை அட்டை. அந்தக் கதையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

நமக்கு உச்சி வெயில் 12 மணிக்கு இல்லை!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இந்தியா முழுக்க இன்று நாம் பார்ப்பது ஒரே நேரம். உத்தரப்பிரதேசத்தின் மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையை வைத்து அது கணக்கிடப்படுகிறது. சேலமும் நாமக்கல்லும் இருப்பது ஏறக்குறைய 78 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிட வித்தியாசம். அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12.17 காட்டும். பள்ளிக்கூடத்தில் நண்பகல் 12 என்று படித்தோமே, அது நம் ஊர் சூரியனுக்குத் தெரியாது.

இந்த இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது 1906 ஜனவரி 1 அன்று. அதற்கு முன் ரயில்கள் மெட்ராஸ் நேரப்படி ஓடின. 1860-களின் தொடக்கத்திலேயே சேலத்துக்கு ரயில் வந்துவிட்டது. நிமிடத்தைப் பார்த்து மூச்சிரைக்க ஓடும் பழக்கம் ஸ்டேஷன் வழியாகத்தான் ஊருக்குள் வந்திருக்க வேண்டும். அதுவரை இருந்தது நாழிகையும் ஜாமமும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளைக்கு 60 நாழிகை. மூன்று மணி நேரம் ஒரு ஜாமம்.

என் அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, கடைசி வரை கடிகாரம் பார்க்கத் தெரியாது. "வெயில் திண்ணைக்கு வந்துருச்சு, உலை வைக்கோணும்" என்பார். பக்கத்து வீடு எவ்வளவு நேரத்தில் போய்விடலாம் என்று கேட்டால், "ஒரு வெத்தலை போடற நேரம்" என்பார். இங்கிலாந்து வரலாற்று ஆசிரியர் இ.பி.தாம்சன் 1967-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதே போன்ற ஓர் உதாரணம் வரும். மடகாஸ்கரில் அரை மணி நேரத்தைச் 'சோறு வேகும் நேரம்' என்று சொன்னார்களாம். வேலையை வைத்து நேரத்தை அளந்த மனிதர்கள், தொழிற்சாலைகள் வந்த பிறகு நேரத்தை வைத்து வேலையை அளக்க ஆரம்பித்தார்கள் என்பதுதான் அவர் சொன்ன விஷயம். அதன் பிறகு நேரம் 'செலவழிக்கும்' பொருளாகிவிட்டது.

இங்கே பழையது போகவும் இல்லை. தினசரி காலண்டரைக் கிழிக்கும்போது ராகு காலம் பார்க்காமல் எங்கள் தெருவில் எந்த லாரியும் கிளம்பாது. திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்று அதில் இருப்பது, சூரியன் 6 மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஜனவரியில் நம் ஊரில் சூரியன் உதிக்கவே ஆறரை மணி தாண்டிவிடும். ஆனாலும் அப்பா அந்த ஒன்றரை மணி நேரம் வண்டியைத் தொட மாட்டார். "அது ஒண்ணுதான் யாரும் என்னைக் கேக்காத நேரம். நிம்மதியா உக்காந்து டீ குடிக்கிறேன்" என்று ஒருநாள் சிரித்தபடி சொன்னார். அது நம்பிக்கையா, சாக்கா என்று எனக்கு இன்னும் தெரியாது.

கோழிக்கு 16 மணி நேரப் பகல்!

விடிவதற்கு முன் நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் போய்ப் பாருங்கள். ஊர் இருட்டில் தூங்கும். கோழிப்பண்ணைகள் மட்டும் வெளிச்சமாக இருக்கும்.

கோழி முட்டையிட வெளிச்சம் வேண்டும். நம் ஊரில் பகல் பொழுது ஏறக்குறைய 12 மணி நேரம். முட்டைக் கோழிக்குத் தேவைப்படுவதோ சுமார் 16 மணி நேரம். மிச்ச நேரத்துக்கு விளக்கைப் போட்டுப் 'பகலை' நீட்டுகிறார்கள். ஒரு முட்டை கோழியின் உடம்பில் உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதனால் ஒவ்வொரு நாளும் முட்டையிடும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் ஒரு நாள் விட்டுப்போகும். பிறகு மறுபடி காலையிலிருந்து ஆரம்பிக்கும். விளக்கைப் போட்டுப் பகலை நீட்ட முடிந்த மனிதனால் அந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்க முடியவில்லை. குஞ்சு பொரிக்க 21 நாள், முதல் முட்டைக்குச் சுமார் 18 முதல் 20 வாரம் என்பதும் அப்படித்தான்.

இந்தக் கடிகாரத்துக்கும் சந்தையின் கடிகாரத்துக்கும் நடுவில்தான் பண்ணைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். என்.இ.சி.சி. எனப்படும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலை, வாட்ஸ்அப்பில் நிமிடத்தில் பரவிவிடும். புரட்டாசி வந்தால் பலர் அசைவத்தை நிறுத்துவார்கள், முட்டை விலை இறங்கும். கோழிக்குப் புரட்டாசி தெரியாதே! அது அதே கணக்கில் முட்டையிடும். லேத் மெஷினை நிறுத்துவது மாதிரிக் கோழியை நிறுத்திவைக்க முடியாது. தீவனச் செலவும் நிற்காது.

பண்ணையில் வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான். கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. குடும்பத்தோடு பண்ணையிலேயே தங்கி வேலை பார்க்கும் பலர் வெளி மாநிலத்தவர்கள். அவர்கள் ஊர்த் திருவிழா ஒரு தேதியில் வரும், இங்கே முட்டை தினமும் வரும். எதற்குப் போவது?

200 கிலோமீட்டர் என்றால் ஒரு நாள்

கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 நாமக்கல், சேலம் வழியாகத்தான் போகிறது. லாரிக்கும், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கும் நாமக்கல் பெயர் பெற்ற ஊர். திருச்செங்கோடு பக்கம் போர்வெல் வண்டிகள். அவை கிளம்பினால் வேற்று மாநிலத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டுத்தான் திரும்பும். எங்கள் பக்கத்துக் குழந்தைகள் "அப்பா எப்போ வருவாரு?" என்ற கேள்விக்குத் தேதி சொல்ல மாட்டார்கள். "லோடு கிடைச்சா வருவாரு" என்பார்கள்.

சரக்கு லாரிக்கு இ-வே பில் என்று ஒன்று உண்டு. 2021 முதல் அதில் ஒரு கணக்கு: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 2,400 கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் 12 நாள் வரை அந்தச் சீட்டு செல்லும். அரசாங்கம் அளந்த நாள் அது. லோடு கொடுத்தவர் அளக்கும் நாள் வேறு. "400 கிலோமீட்டர் ஓட்டினாத்தான் ஒரு நாள் ஓட்டினதா அர்த்தம்" என்பார் அப்பா. முன்பு அவருடன் இன்னொரு டிரைவர் போவார். ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்குவார். இப்போது தனியாகத்தான்.

1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு என்று எழுதிவைத்தது. இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "பரவாயில்ல, நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். அவ்வளவுதான்.

சாலையில் நேரம் மிச்சமாகியிருக்கிறது என்பது உண்மை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநில எல்லைகளில் வரிக்காக வரிசையில் நிற்பது போய்விட்டது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் டோல்கேட்டில் நிற்பதும் குறைந்தது. ஆனால், மிச்சமான நேரம் அப்பாவின் தூக்கத்தில் சேரவில்லை. அடுத்த லோடு அவ்வளவு சீக்கிரம் வந்து நிற்கிறது. போய்ச் சேர்ந்த இடத்திலோ குடோன் திறக்க, ஆள் வர, இறக்க என்று ஒரு நாள், இரண்டு நாள் காத்திருப்பு. 'ஹால்டிங்' என்பார்கள். நடைக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கும் டிரைவருக்கு, வண்டி நிற்கும் நாள் கூலி இல்லாத நாள். அவசரப்பட்டு ஓடுவதும் அவர்தான், போய்க் காத்துக் கிடப்பதும் அவர்தான்.

இப்போது மாத்திரை அட்டைக்கு வருகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். ஒரு மாதத்துக்கு 60 மாத்திரை எண்ணிப் பையில் வைத்து அனுப்பினோம். 27 நாள் கழித்து வந்தார். 6 மாத்திரைதான் மிச்சம் இருந்திருக்க வேண்டும். அம்மா பையைக் காலி செய்தபோது 31 இருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மாத்திரை போடக்கூட நேரமில்லையாப்பா?" என்று கத்தினேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காலையிலன்னா எப்போ சாமி? ராத்திரி பூரா ஓட்டிட்டு 7 மணிக்குப் படுத்து 11 மணிக்கு எந்திரிக்கிறேன். சில நாள் மத்தியானம் 3 மணிக்குத்தான் முதல் சோறு. அது காலையா, மத்தியானமா?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்த அட்டையைக் கொடுத்தவர்கள் மனதில் இருந்தது ஆறு மணிக்கு எழுந்து பத்து மணிக்குத் தூங்கும் ஒருவரின் நாள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால், எங்கள் வீட்டுக்கு அது வரும்போது நோயாளி 1,200 கிலோமீட்டர் தள்ளி எங்கோ ஒரு டயர் கடையில் இருப்பார்.

வாசலில் கைமாறும் வீட்டுச் சாவி

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் 12 மணி நேர ஷிஃப்ட் என்பது பழகிப்போன ஒன்று. சித்தி ராத்திரி 8 முதல் காலை 8 வரை. சித்தப்பா பகல் 8 முதல் ராத்திரி 8 வரை. இருவரும் ஒரே பட்டறைதான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. ஷிஃப்ட் மாறும்போது பட்டறை வாசலில் வீட்டுச் சாவி கைமாறும். வார நாட்களில் அவர்கள் சேர்ந்து நின்று பேசுவது அந்த இரண்டு நிமிடம்தான்.

கூலி மீட்டர் கணக்கில். தறி ஓடினால் காசு, நின்றால் இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் வருமானம் போச்சே என்று சித்தி புலம்புவார். அடுத்த வாக்கியமே, "அன்னிக்குத்தான் கண்ணு, முழுசாத் தூங்குனேன்" என்பார். வாரக் கூலி வரும், அதைத் துரத்திக்கொண்டே குழுக் கடனின் வாரத் தவணையும் வரும். சித்திக்கு மாதம் என்ற ஒன்றே கிடையாது. தவணை கட்டிய நாளுக்கும் அடுத்த தவணைக்கும் நடுவில் இருக்கும் ஏழு நாள்தான் அவருடைய காலண்டர்.

2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்த மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது நினைவிருக்கிறதா? தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கடுமையாக எதிர்த்தன. பத்தே நாளில், மே 1 அன்று, மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி சரியாக 100 ஆண்டுகள் ஆன நாள் அது. எட்டு மணி நேரம் காப்பாற்றப்பட்டது என்று நாங்கள் டெஸ்கில் செய்தி போட்டோம். அன்று ராத்திரி 8 மணிக்குச் சித்தி வழக்கம்போல 12 மணி நேர ஷிஃப்ட்டுக்குப் போனார்.

ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்

நாமக்கல்லுக்கு இன்னொரு முகம், உறைவிடப் பள்ளிகள். பிளஸ் டூவில் மாநில முதலிடம் என்று வருடா வருடம் பெயர் வந்த காலம் உண்டு. 2017-ல் ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. அதற்குள் நீட் வந்துவிட்டது. 2025 தேர்வில் 180 கேள்வி, 180 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்.

என் தம்பி ரிப்பீட்டர். அவனுடைய நாள் மணி அடித்து மணி அடித்துத் துண்டு போடப்பட்ட நாள். எழ ஒரு மணி, குளிக்க ஒரு மணி, படிக்க, சாப்பிட, மறுபடி படிக்க. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனில் பத்து நிமிடம் கிடைக்கும். "இந்த ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ, அப்புறம் வாழ்க்கை உன் கையில" என்று அவனிடம் எல்லோரும் சொல்கிறோம். போன வருடமும் இதையேதான் சொன்னோம். 18 வயதில் ஒரு வருடம் என்பது எவ்வளவு நீளம் என்று பெரியவர்களுக்கு மறந்துவிடுகிறது.

அந்த விடுதிக் கட்டணத்தைக் கட்டுவது அப்பாவின் நடைகள். சாலையில் தூங்காத இரவுகள்தான் தம்பி படிக்கும் மணி நேரங்களாக மாறுகின்றன. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து நான்கு மாதம் ஆகிறது.

சேலத்திலிருந்து அமெரிக்காவுக்கு தினமும்

பெரியம்மா மகளுக்கு வேலை, அமெரிக்க மருத்துவமனைகளின் பில் சம்பந்தப்பட்டது. சேலத்தில் உட்கார்ந்து நியூயார்க் நேரத்துக்கு வேலை பார்க்கிறாள். அங்கே மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பரில் பின்னால் இழுப்பார்கள். அதனால் நமக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி ஒன்பதரை மணி நேரம், பத்தரை மணி நேரம் என்று மாறும். அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பினால், இங்கே அவளை ஏற்ற வரும் வேனின் நேரமும் மாறும். பொங்கலுக்கு அவள் லீவு கேட்க வேண்டும். அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு ஆபீஸே லீவு.

சம்பளம் நன்றாக வருகிறது, அதில்தான் வீடு கட்டினார்கள். "எல்லாம் சரிதான், பகல்ல தூங்குறவளைச் சோம்பேறின்னு சொல்லாம இருந்தாப் போதும்" என்பது மட்டும்தான் அவள் குறை. பகல் 12 மணிக்குக் காலிங் பெல் அடிக்கும் உறவினர்களுக்கு அது அவளுடைய நடுராத்திரி என்பது புரிவதில்லை.

289 நிமிடமும் 88 நிமிடமும்

இத்தனை பேர் கடிகாரத்தையும் சேர்த்துச் சுமப்பவர் ஒருவர் இருக்கிறார். அம்மா. அப்பா எப்போது வந்தாலும் சூடாகச் சோறு, தம்பிக்குச் சனிக்கிழமை பலகாரம், எனக்கு 6 மணி ஷிஃப்ட் என்றால் 5 மணிக்குக் காபி. அவருக்கு ஷிஃப்ட் என்று பெயரும் இல்லை, முடிவும் இல்லை.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை எண்ணில் சொல்கிறது. நாட்டில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். 2019-ல் இது பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று சந்தோஷப்படுவதற்குள், ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது!

இந்த நிமிடங்களைக் குறைப்பது நடக்காத காரியம் இல்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைப் பெரும்பாலும் குழந்தைகளின் பசி, வருகைப் பதிவு என்றே பேசுகிறோம். சித்தியிடம் கேட்டால் வேறொன்று சொல்வார். முன்பெல்லாம் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு 8 மணிக்கு வீட்டுக்கு ஓடி, அடுப்பைப் பற்றவைத்து, குழந்தையை அனுப்பிவிட்டுத்தான் படுப்பார். இப்போது பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ கிடைத்துவிடுகிறது. "ஒரு மணி நேரம் முன்னாடிப் படுக்கிறேன் கண்ணு" என்றார். அரசுத் திட்டம் ஒன்று, ஒரு பெண்ணுக்குத் தினமும் ஒரு மணி நேரத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

யாருக்காக யார் காத்திருக்கிறார்கள்?

ஒரு மாதமாக என் வீட்டுக் கடிகாரங்களைக் கவனித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். எல்லோருக்கும் 24 மணி நேரம் என்பது பாதி உண்மை. அடுத்தவரைக் காத்திருக்க வைக்க முடிந்தவருக்கு நேரம் இருக்கிறது, காத்திருக்க வேண்டியவருக்கு இல்லை. குடோன்காரர் அப்பாவைக் காத்திருக்க வைக்கலாம். அப்பாவால் வட்டிக்காரரைக் காத்திருக்க வைக்க முடியாது. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கும் தறித் தொழிலாளிக்கு, அந்த அரை நாள் அரை நாள் கூலி.

சொல்லப்போனால் நானும் அந்தச் சங்கிலியில் இருக்கிறேன். 'உடனே' வேண்டும் என்று ஆர்டர் போடுகிறேன். ஒரு பொருள் இரண்டு நாள் தாமதமானால் ஒரு ஸ்டார் கொடுக்கிறேன். அது ஏதோ ஒரு லாரியில்தான் வந்துகொண்டிருக்கும் என்பது லாரிக்காரர் மகளான எனக்கே நினைவுக்கு வந்ததில்லை.

17 மாத்திரை

அப்பாவின் மாத்திரைக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். டாக்டரிடம் அவருடைய நாள் எப்படிப் போகிறது என்பதை முதல் முறையாக முழுதாகச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்பாவுக்குக் கொடுத்த மாத்திரையைப் பொறுத்தவரை கடிகாரத்தைவிடச் சாப்பாடுதான் முக்கியம் என்றார். தூங்கி எழுந்த பிறகு சாப்பிடும் முதல் சாப்பாட்டுக்கு ஒன்று, ஓட்டி முடித்துப் படுப்பதற்கு முன் சாப்பிடும் சாப்பாட்டுக்கு ஒன்று. 'காலை, இரவு' என்பதை அடித்துவிட்டு, 'எழுந்ததும், படுக்கும் முன்' என்று அட்டையில் பேனாவால் எழுதிக்கொடுத்தார். (உங்கள் மாத்திரைக்கு இது பொருந்துமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக மாற்றிவிடாதீர்கள்!) டேஷ்போர்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு டப்பா ஒட்டிவைத்தோம்.

அடுத்த நடை 24 நாள். 60-ல் 12 மிச்சம் இருக்க வேண்டும். 17 இருந்தது. அம்மா இரண்டு முறை எண்ணினார்.

ஒரு மனிதரைக் கடிகாரத்துக்கு ஏற்றபடி மாறச் சொல்லித் திட்டுவதற்கு முன், அவருடைய நாள் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு அட்டையை மாற்றி எழுதலாம். ஒரு டாக்டர் பேனாவால் செய்ததை ஒரு பள்ளி, ஒரு பட்டறை, ஒரு குடோன், ஓர் அரசு அலுவலகம் செய்ய முடியாதா?

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு தாளில் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, எழும் நேரம், முதல் சாப்பாடு, கடைசிச் சாப்பாடு, தூங்கும் நேரம், யாருக்காகக் காத்திருக்கும் நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். யாருடைய வரிசையில் 'எனக்கான நேரம்' என்று எழுத ஒன்றுமே இல்லை என்று பாருங்கள். அங்கிருந்து அரை மணி நேர வேலையை எடுத்து, உங்கள் வரிசையில் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுத் தாளில் அம்மாவின் வரிசைதான் அப்படி இருந்தது. இப்போது காலைக் காபி என் வேலை. முதல் நாள் அம்மாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் இரண்டு முறை நடந்துவிட்டு, கடைசியில் திண்ணையில் போய் உட்கார்ந்தார்.

வெயில் இன்னும் திண்ணைக்கு வரவில்லை.